தெரிஞ்சா சொல்ல மாட்டேனா

எங்கள் கம்பெனியில் அந்த அக்கா வேலைக்குச் சேர்ந்த மறுநாளே எனக்கு அவளைப் பிடிக்காமல் போய்விட்டது. காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு வாடிக்கையாளர் கேட்ட கேள்விக்கு நான் சரியான பதில் சொன்னேன். அவள் தெரியாது என்றாள். பேர் மட்டும் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், சுக்கு மூட்டை அடுக்கும் கிடங்கு ஒன்றின் மாடியில் இருந்தது எங்கள் கம்பெனி. தும்மாமல் படியேறி வந்த வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை. தொழிற்சாலையில் உலர்த்தியோ அடுப்போ ஐஸ் அறையோ எதுவானாலும், அதன் சூட்டைப் பார்த்துக் கட்டுப்படுத்த முகப்பில் ஒரு சின்னப் பெட்டி இருக்கும், சிவப்பு எண் எரிந்துகொண்டு. டெம்பரேச்சர் கன்ட்ரோலர் என்பார்கள். அந்தப் பெட்டிகளை எல்லாம் ஒரே ஜோடிக் கம்பியில் கோத்து, ஆபீஸ் அறையில் இருக்கிற கம்ப்யூட்டரோடு பேச வைப்பதுதான் எங்கள் பிழைப்பு. கேட்க எளிதாக இருக்கும். எல்லாப் பெட்டியும் ஒரே கம்பியில் இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் கொடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் 'மூணு' என்று கூப்பிட்டால் மூன்றாம் நம்பர் மட்டும் தன் சூட்டைச் சொல்லும், மற்றதெல்லாம் வாயை மூடிக்கொண்டிருக்கும். பேசுகிற வேகமும் எல்லாவற்றுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். இதில் எது பிசகினாலும் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் கேட்காது. எது பிசகியது என்றும் அது சொல்லாது. நாம்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும்.

அவள் சேர்ந்த அன்றைக்கு அரூரிலிருந்து ஒரு இறால் கம்பெனிக்காரர் தன் பழைய கன்ட்ரோலர் ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இது கம்ப்யூட்டரோடு பேசுமா என்று கேட்டார்.

"பேசும்," என்றேன் நான். பின்பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது.

அக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அறியில்ல சேட்டா. இங்கே வச்சிட்டுப் போங்க. நாளைக்குப் பறயறேன்."

மறுநாள் அவர் வந்தபோது அக்கா அதைக் கம்ப்யூட்டரில் இணைத்து வைத்திருந்தாள். "பேசும் சேட்டா," என்றாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி அந்த மனிதரின் முகம் மலர்ந்தது. "ஹாவூ! இப்போதான் சமாதானமாச்சு," என்றார். நேற்று நான் சொன்ன அதே சொல். நேற்று அது அவர் காதில் விழவே இல்லையா? அதற்கப்புறம் அவர் எல்லா வேலைக்கும் அக்காவைத்தான் கூப்பிட்டார். என்னை வழியில் பார்த்தால் "சேச்சி சுகமா?" என்று விசாரிப்பார்.

பேர் எதற்கு, எங்கள் எல்லாருக்கும் அவள் அக்கா, மலையாளிகளுக்குச் சேச்சி. திருப்பூணித்துறையிலிருந்து பஸ் மாறி வருவாள். எங்கள் வீட்டைப் போலவே அவள் வீட்டிலும் பேச்சு தமிழ், படித்தது மலையாளம். தமிழ்ப் பேப்பரைக் கொடுத்தால் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். பெரிய கொண்டை. அதில் பூ வைத்து நான் பார்த்ததில்லை, மஞ்சள் பிடி போட்ட சின்ன ஸ்க்ரூடிரைவர் ஒன்று செருகியிருக்கும். எந்தத் தொழிற்சாலைக்குப் போனாலும் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, பேனலுக்கு முன்னால் வெறும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவாள். மேனேஜர்கள் நாற்காலி போடச் சொல்லி ஆளை விரட்டுவார்கள். நான் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்த அதே இடத்தில்தான் இதுவும் நடக்கும்.

கம்பெனியில் நான் அவளுக்கு முந்தி வந்தவன். வயதில் அவள் கொஞ்சம் மூத்தவள், அவ்வளவுதான். அதற்காக வாய் நிறைய "தம்பி, தம்பி" என்பாள். பாசமாகத்தான் சொல்வாள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் போகிற இடத்தில் எல்லாம் வாட்ச்மேன் அவளைப் பார்த்து சல்யூட் அடித்துவிட்டு, "தம்பி, மேடத்தோட பேகை அங்கே வச்சுக்கோ," என்று என்னிடம் சொல்வான். பத்துப் பேர் முன்னால் தம்பி என்று கூப்பிடப்பட்டவன் அப்புறம் எந்த ஜென்மத்தில் சீனியர் ஆவது?

முதலாளி களமசேரியில் ஒரு கிளை திறக்கப்போகிறார் என்ற பேச்சு கிளம்பிய பிறகு இதெல்லாம் எனக்கு இன்னும் உறுத்தியது. பெரிய தொழிற்சாலைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான். கிளைக்குப் பொறுப்பாக எங்கள் இருவரில் ஒருவரைத்தான் போட முடியும், வேறு ஆள் கிடையாது. அந்த நாற்காலி எனக்கு வேண்டும். இதை மறைத்துப் பேசுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தாலும் எனக்கு அந்த நாற்காலிதான் கண்ணில் தெரிந்தது.

எங்கள் தொழிலில் தெரியாது என்பது கெட்ட வார்த்தை. தொழிற்சாலைக்காரன் பதற்றத்தோடு நம்மைக் கூப்பிடுகிறான். அவனுக்கு நாலு தைரியமான சொல் வேண்டும். சரியாகிவிடும் சார், நான் இருக்கிறேனே, சாயங்காலம் முடித்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டேதான் பையைத் திறக்க வேண்டும். நான் அப்படித்தான் கற்றேன், அப்படித்தான் இருந்தேன். அக்காவோ எடுத்த எடுப்பில் தெரியாது என்பாள். குரலில் வெட்கமும் இருக்காது, மன்னிப்பும் இருக்காது. மணி என்ன என்று கேட்டவனிடம் கையில் வாட்ச் இல்லை என்று சொல்கிற மாதிரி இருக்கும். எதிரில் இருப்பவர் விடாமல் நச்சரித்தால், "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?" என்று சிரிப்பாள். அதற்கு என்ன பதில் சொல்வது? பெரிய பெரிய மேனேஜர்கள் எல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கிப்போனதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஸ்கிரீன் விஷயத்திலும் இதே கதைதான். ஏதாவது ஒரு கன்ட்ரோலர் பதில் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டர் ஸ்கிரீனில் அதன் இடத்தில் என்ன காட்டுவது என்று ஒரு செட்டிங் உண்டு. நான் கடைசியாக வந்த எண்ணையே பிடித்து வைத்துக்கொள்ளும்படி போடுவேன். ஒரு நொடி பதில் வராவிட்டால் என்ன குடி முழுகிப் போகும், அடுத்த நொடி வந்துவிடப் போகிறது. வாடிக்கையாளரும் பயப்பட மாட்டார். அக்கா அந்த இடத்தில் வெறும் கோடுகளைப் போட்டுவிடுவாள்.

"எதுக்குக்கா இந்தக் கோடு? பார்க்கிறவனுக்கு வயித்தக் கலக்காதா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"பதில் வரலன்னா வரலன்னுதானே காட்டணும்?"

"போன நிமிஷம் நூத்தி இருபது டிகிரி இருந்துச்சு. இப்போவும் அதேதான் இருக்கும். சூடு எங்கே எழுந்து ஓடியா போகும்?"

"இருக்கும்னு எனக்குத் தெரியாதே தம்பி," என்றாள்.

பலன் என்ன தெரியுமா? அவள் போட்ட ஸ்கிரீன்களில் அடிக்கடி கோடு விழும். உடனே "சேச்சி, கோடு வந்திருக்கு" என்று போன் வரும். அவள் கொண்டையில் ஸ்க்ரூடிரைவரைச் செருகிக்கொண்டு கிளம்புவாள். போய் ஒரு லூஸ் கம்பியை முடுக்கிவிட்டு, அவர்கள் வீட்டுக் கப்பைக்கிழங்கும் மீனும் சாப்பிட்டுவிட்டு, நாலு பேருக்கு வேண்டியவளாகித் திரும்பி வருவாள். நான் போட்ட ஸ்கிரீன்களில் ஒருநாளும் கோடு விழுந்ததில்லை. அதனால் என்னை யாரும் கூப்பிட்டதும் இல்லை. தொல்லை கொடுக்காமல் ஓடுகிற வேலையைச் செய்து கொடுத்தவனை உலகம் மறந்துவிடுகிறது. முதலாளியோ, "அவளுக்கு எவ்வளவு போன் வருது பாத்தியா?" என்று என்னிடமே ஆச்சரியப்பட்டார்.

வீட்டுக்குள்ளும் அவள் வந்து சேர்ந்தாள். தேவராவுக்குக் குடிபோகலாமா என்று என் மனைவிக்கு நெடுநாள் யோசனை. அங்கே பள்ளிக்கூடம் பக்கம், தண்ணீர் கஷ்டம் குறைவு. நான் வேண்டாம் என்றேன், காரணங்களும் வரிசையாகச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தபோது இவள் அதே கேள்வியை அவளிடம் போட்டாள்.

"எனக்குத் தெரியாது மோளே," என்றாள் அக்கா, அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே. "நான் அங்கே இருந்ததில்லையே. உனக்கு அங்கே யாராவது உண்டா? ஒரு நாள் போய் இருந்து பாரேன்."

அவ்வளவுதான். இவள் மறுநாளே தேவராவில் இருக்கிற தன் சிநேகிதி வீட்டுக்குப் போய் ஒரு பகல் முழுக்க இருந்தாள். திரும்பி வந்து, "நமக்கு அந்த இடம் சரிப்படாதுங்க. நாள் பூரா வண்டிச் சத்தம்," என்றாள். நான் சொன்ன காரணங்களில் முதல் காரணமே அந்த வண்டிச் சத்தம்தான்.

"இதைத்தானடி நான் ஒரு வருஷமா கத்திட்டிருக்கேன்?"

"நீங்க எதுக்குத்தான் கத்தல? அக்கா எவ்வளவு நேரா பேசறாங்க பாருங்க," என்றாள் என் மனைவி.

தெரியாது என்றது நேராகப் பேசுவதாம். தெரிந்து சொன்னது கத்துவதாம். அன்று சாயங்காலம் நான் சாயா குடிக்காமல் எழுந்து போனேன், அதையும் யாரும் கவனிக்கவில்லை.

அவளிடம் எனக்கு இருந்த பொறாமைகளில் பெரியது எது என்று கேட்டால் தூக்கத்தைச் சொல்வேன். தூரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, டிக்கெட் எடுத்த கையோடு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுவாள். வேலை முடிந்திருந்தாலும் தூங்குவாள், முடியாமல் பாதியில் விட்டுவிட்டு வந்தாலும் தூங்குவாள். பக்கத்து சீட்டில் நான் கொட்டக் கொட்ட விழித்திருப்பேன். அந்த மேனேஜருக்கு நாளைக்கு என்று சொல்லியாயிற்று, இவருக்குப் புதன்கிழமை என்று சொல்லியாயிற்று, நாளைக்கு அது ஓடாவிட்டால் என்ன சொல்வது என்று எனக்கு மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். யாருக்கும் ஒன்றும் வாக்குக் கொடுக்காதவளுக்கு என்ன கவலை? வாய் திறந்து தூங்குகிற அந்த முகத்தைப் பார்க்கையில் எழுப்பிவிடலாமா என்று கை துடிக்கும். ஒன்றிரண்டு தடவை ஸ்டாப் வருவதற்கு முன்னாலேயே எழுப்பியும் விட்டேன்.

சரி, இதுதான் சூட்சுமம் என்றால் நானும் செய்து பார்க்கிறேன் என்று ஒரு நாள் முடிவு செய்தேன். தோப்பும்படியில் ஒரு ஐஸ் கம்பெனி. கன்ட்ரோலர்கள் எதுவும் கம்ப்யூட்டருக்குப் பதில் சொல்லவில்லை. உள்ளே நுழைந்ததுமே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. புதிதாக மாற்றிய கம்ப்யூட்டரில் பேச்சு வேகம் வேறாக வைத்திருந்தார்கள், இரண்டு நிமிஷ வேலை. ஆனாலும் ஓனர் வந்து என்ன கோளாறு என்று கேட்டபோது, அக்காவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவந்து, அதே மாதிரி நிதானமாக, "தெரியாது சார்," என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அறியாத்தவனெ எதுக்கு அனுப்பினாங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்து எங்கள் முதலாளியைக் கூப்பிட்டு, "அந்த சேச்சியெ ஒண்ணு அனுப்புங்க," என்றார். அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினாள். அதற்குள் நான் வேகத்தைச் சரிசெய்து எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஓனர் ஸ்கிரீனைப் பார்த்தார், வாசலில் நிற்கும் அக்காவைப் பார்த்தார். "சேச்சி வந்ததும் சரியாச்சு!" என்றார். நான் என்ன தவறு செய்தேன்? சொல் அதேதான், நிதானம் அதேதான், சிரிப்பைக்கூட விடவில்லை. அவள் சொன்னால் நேர்மை, நான் சொன்னால் கையாலாகாத்தனம்.

இந்த நிலையில்தான் களமசேரியில் அந்த மிளகு தொழிற்சாலை வேலை வந்தது. ஏற்றுமதிக்குப் போகிற மிளகை ஆவியில் காட்டிச் சுத்தம் செய்கிற இடம். பழைய கூடத்தில் ஆறு ஆவிக் கலம், புதிதாகக் கட்டிய கூடத்தில் இன்னும் ஆறு, கலத்துக்கு ஒரு கன்ட்ரோலர். பன்னிரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் கொண்டுவர வேண்டும். முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. இது முடியட்டும், பின்னே களமசேரிக்கு ஆரு என்னு சொல்றேன்," என்றார். பரீட்சை என்று எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்கும். அவள் பஸ்ஸில் வழக்கம்போலத் தூங்கினாள்.

கன்ட்ரோலர்களுக்கு நம்பர் போட்டது நான். பழைய கூடத்துக்கு ஒன்று முதல் ஆறு, புதிய கூடத்துக்கு ஏழு முதல் பன்னிரண்டு. ஸ்கிரீன் அக்காவின் பொறுப்பு, ஆகையால் கோடு. நன்றாக ஓடியது. வெளிநாட்டில் மிளகு வாங்குகிற கம்பெனியின் ஆட்கள் பார்க்க வருவதற்கு முந்தின நாள் காலையில் போய்ப் பார்த்தால், மூன்றாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் கோடு. மற்றதெல்லாம் எண் காட்டுகிறது, இவை இரண்டு மட்டும் ஊமை. என் செட்டிங்கைப் போட்டிருந்தால் நேற்றைய எண் சமர்த்தாக நின்றிருக்கும், யாரும் பதறியிருக்க மாட்டார்கள்.

மேனேஜர் ஓடிவந்தார். "எந்தா சேச்சி இது? நாளைக்கு ஆளுங்க வர்றாங்க!"

"தெரியலை சாரே," என்றாள் அக்கா.

"சாயங்காலத்துக்குள்ள ஆகுமா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"மதியத்துக்குள்ள சரியாயிடும் சார்," என்றேன் நான். அவர் என் பக்கம் திரும்பாமலே "ம்" என்றார். அக்காவுக்குச் சாயா கொண்டுவரச் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா கம்ப்யூட்டர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுவாள். மாற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். மாற்றம் இல்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவாள். அவள் பாணி அது, ஆமை வேகம். அவளுக்கு முன்னால் நான் கண்டுபிடித்தாக வேண்டும். கூடத்துக்கு ஓடினேன். பழைய கூடத்தில் மூன்றாவது கலம் நன்றாக இருந்தது. கம்பி சரி, கன்ட்ரோலர் சரி. புதிய கூடத்துக்குள் நுழைந்தேன். மிளகு ஆவியின் காரத்தை மீறிக்கொண்டு பெயிண்ட் வாசனை அடித்தது.

கலங்களுக்கு நம்பர் எழுதியிருந்தார்கள். வெள்ளைப் பெயிண்டில், முழங்கை நீளத்துக்கு, பார்க்க லட்சணமாக. ஆனால் ஏழு முதல் பன்னிரண்டு இல்லை. புதிய கூடத்துக்கும் அவர்கள் கணக்கில் ஒன்று முதல் ஆறுதான். நான் ஒன்பது கொடுத்திருந்த கலத்தின் வயிற்றில் பெரிய மூன்று. எனக்குப் பொறி தட்டியது. அதன் கன்ட்ரோலரில் பட்டன்களை அமுக்கி உள்ளே போய்ப் பார்த்தேன். நம்பர் மூன்று என்று இருந்தது. யாரோ மாற்றியிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் 'மூணு' என்று கூப்பிடும்போது பழைய கூடத்து மூன்றும் இதுவும் ஒரே நேரத்தில் பேசி, ஒன்றும் விளங்காமல் போயிருக்கிறது. 'ஒம்பது' என்று கூப்பிட்டால் பதில் சொல்ல ஆளே இல்லை. இரண்டு கோட்டுக்கும் காரணம் கிடைத்துவிட்டது. எனக்குக் கூத்தாட வேண்டும்போல இருந்தது.

தொழிற்சாலை ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டேன். நல்ல மனிதர், மறைக்கவில்லை. பெருமையாகவே சொன்னார்.

"புறத்துல மூணு, உள்ளே ஒம்பது. பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது சாரே. நான் சரியாக்கி வச்சேன்."

"மத்ததை ஏன் விட்டீங்க?"

"கதவுப் பக்கத்துல இதுதானே இருக்கு, இதுல துடங்கினேன். அப்போ சாயாவுக்கு மணியடிச்சது."

ஒன்பதைத் திரும்பப் போட்டுவிட்டு, பெயிண்ட் நம்பரை நம்பி எதையும் தொட வேண்டாம் என்று அவரைக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு, ஆபீஸ் அறைக்கு வந்தேன். இரண்டு கோடும் போய் எண் வந்திருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் சொன்ன நேரத்துக்குள் முடித்திருக்கிறேன் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அக்கா தரையிலிருந்து துள்ளி எழுந்தாள். "எப்படிக் கண்டுபிடிச்சே தம்பி? எனக்கு இது தோணவே இல்லையே!" விஷயத்தைச் சொன்னேன். கையைத் தட்டிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நேரே மேனேஜர் அறைக்குப் போய், "தம்பிதான் சாரே கண்டுபிடிச்சது, நான் வெறுதே உட்கார்ந்திருந்தேன்," என்று சொன்னாள். மேனேஜர் எழுந்து நின்று, "வளரெ நன்றி சேச்சி," என்றார். அவளிடம்!

போகட்டும். நான் பார்த்துக்கொண்டிருந்தது மேனேஜரை அல்ல, அக்காவின் முகத்தை. ஒரு துளி வாட்டமாவது தெரிகிறதா என்று தேடினேன். இத்தனை வருஷம் நான் அவளைப் பார்த்து வெந்ததற்கு, அன்று ஒரு நாள் அவள் என்னைப் பார்த்துக் கொஞ்சம் வெந்தால் கணக்கு நேராகிவிடும். வீடு திரும்பும் வரை பார்த்தேன். பஸ் வைற்றிலா தாண்டுவதற்குள் அவள் தூங்கிப்போனாள்.

அடுத்த வாரம் முதலாளி என்னைக் கூப்பிட்டு, களமசேரிக் கிளையை நீ பார்த்துக்கொள் என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். "அப்போ அக்காவுக்கு இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி, அல்வாவைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே. அதுகூட அன்று எனக்கு உறைக்கவில்லை. பெயிண்டில் எழுதிய ஒரு மூன்றைப் பார்த்து நான் ஜெயித்துவிட்டேன். தெரியாது தெரியாது என்று தரையில் உட்கார்ந்திருந்தவளைத் தாண்டி, எழுந்து நடந்து போய்க் கண்டுபிடித்தவனுக்கு நாற்காலி கிடைத்திருக்கிறது. உலகத்தில் நியாயம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது என்று நினைத்தேன்.

அந்த நினைப்பில் சில மாதம் சந்தோஷமாகவே இருந்தேன். பிறகு ஒரு மத்தியானம், சில சாமான்கள் எடுக்க மட்டாஞ்சேரிக்குப் போனேன். அக்கா எங்கோ வேலைக்குப் போயிருந்தாள். முதலாளி தனியாக இருந்தார். கீழே கடையிலிருந்து சாயா வரவழைத்தார். பேச்சு வாக்கில் நான் அந்தப் பெயிண்ட் கதையை எடுத்தேன். அதைச் சொல்லிச் சொல்லி நான் கொஞ்சம் மெருகேற்றியும் வைத்திருந்தேன்.

"ஆ, அது அக்கா அன்னிக்கே சொன்னாளே. நல்ல தமாஷ்," என்றார் முதலாளி.

"அதனாலதானே சார் என்னைக் களமசேரிக்குப் போட்டீங்க?"

"அதனாலயா? ஏய், இல்ல. அது அதுக்கு முன்னாலேயே தீர்மானிச்சாச்சு. உங்க ரெண்டு பேரையும் அந்த வேலைக்கு அனுப்பறதுக்கு முன்னாடி நான் அவளெக் கூப்பிட்டுக் கேட்டேன். களமசேரியை இவன் நடத்துவானா என்னு. நடத்துவான்னு சொன்னா. ஒரு நிமிஷம் ஆலோசிக்கல. அவ வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை நான் கேட்டதே இல்ல. பின்னே எனக்கென்ன சம்சயம்?"

நான் சாயா டம்ளரைக் கீழே வைத்தேன். "இந்த வேலை முடியட்டும், அப்புறம் சொல்றேன்னு சொன்னீங்களே சார்?"

"அது நீங்க உஷாரா வேலை செய்யணும்னு சொன்னது," என்று சிரித்தார்.

கேட்காமல் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. "அக்காவால முடியுமான்னு அவகிட்ட கேக்கலியா?"

"கேக்காம இருப்பேனா? முதல்ல அதைத்தானே கேட்டேன். அவ நடத்தினா சரியா வருமான்னு. அறியில்ல சார்னா. அதுக்கு மேல நான் நிர்பந்திக்கல."

படியில் தும்மல் சத்தம் கேட்டது. அக்கா தோளில் கேபிள் சுருளோடு ஏறி வந்தாள். வெயிலில் முகம் சிவந்திருந்தது. என்னைப் பார்த்ததும் சுருளைத் தரையில் போட்டுவிட்டு, "எப்போ வந்தே தம்பி? களமசேரி எப்படிப் போகுது?" என்று கேட்டாள்.

"பிரமாதமாப் போகுதுக்கா," என்றேன் உடனே.

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். கொண்டையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை உருவி மேஜையில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.

அப்புறம் சில வருஷத்தில் அவள் அம்மாவை அழைத்துக்கொண்டு பாலக்காட்டுப் பக்கம் போய்விட்டாள். களமசேரியில் நான்தான் இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாரிடமும் முடியும் என்கிறேன், பெரும்பாலும் முடித்தும் கொடுக்கிறேன். ஆனால் இந்தக் கடையை என்னால் நடத்த முடியுமா என்று ஒருநாளாவது எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததில்லை. தினமும் காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஒரு பயம் வந்துதான் போகிறது. அவளுக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பற்றி எனக்கே தெரியாதது, தன்னைப் பற்றிக்கூட ஒன்றும் தெரியாத அவளுக்கு ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தெரிந்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.